கடை திறக்காத மத்தியானம்

பெனமொராவில் மத்தியானம் நின்றுபோனதற்கு யார் காரணம் என்று இன்றைக்குக் கேட்டாலும் விருதுநகர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். சிலர் புளியோதரை என்பார்கள், சிலர் அப்பளம் என்பார்கள், ஆனால் மத்தியானம் எங்கேயாவது நிற்குமா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த மத்தியானத்துக்குள் உட்கார்ந்து வியர்த்து வழிந்தவர்கள் ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள்.

மிளகாய் வத்தல் மண்டிக்காரர்கள் சேர்ந்து குடும்பம் குடும்பமாக ஸ்பெயினுக்குக் கிளம்பிய சுற்றுலா அது. வெளிநாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்று சமையல்காரர் சாமிக்கண்ணுவையும் அவருடைய பாத்திரங்களையும் ஊரிலிருந்தே கூட்டிப்போயிருந்தார்கள். அரண்மனை, தேவாலயம், மறுபடி அரண்மனை, மறுபடி தேவாலயம் என்று அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டு, கல் பாவிய தெருவில் நடந்து நடந்து முட்டி கழன்றுபோய், போதுமப்பா சாமி, கடைத்தெருவைக் காட்டு என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்க ஆரம்பித்த பிறகுதான் பெனமொராவுக்கு பஸ் திரும்பியது. பூத்தையல் போட்ட சால்வை, சிவப்புத் தோல் பை, கயிற்று அடி வைத்த துணிச் செருப்பு, குங்குமப்பூ, பாதாம் மிட்டாய் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கிற ஊர் அது என்று வழிகாட்டி யோகன் சொல்லியிருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், ஸ்பெயினிலேயே வெகுகாலமாக இருப்பவன், பொறுமைசாலி. காலையிலிருந்தே மைக்கில் கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான், இரண்டு மணிக்கு எல்லாக் கடையும் பூட்டிப்போடுவினம், பிறகு அஞ்சு மணிக்குத்தான் திறப்பினம், தயவு செய்து பிந்தாதேங்கோ என்று.

சரி சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் ஊருக்கு வெளியே ஆலிவ் தோப்பில் நிழலைக் கண்டதும் சாமிக்கண்ணு பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டார். இதற்கு மேல் வைத்தால் சோறு வீணாகிவிடும் என்றார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பாக்கு மட்டைத் தட்டுகளை வரிசையாகப் போட்டு, புளியோதரை, தயிர்சோறு, மோர் மிளகாய் என்று ஆற அமர உட்கார்ந்து, அப்பளம் இல்லையா என்று ஒருவர் கேட்டதால் அடுப்பு பற்றவைத்து எண்ணெய் காயவைத்து அப்பளமும் பொரித்து, கை கழுவி, வெற்றிலை போட்டு, ஏறலாமா என்று நிதானமாக ஏறினார்கள். பஸ் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது அந்தத் தெருவின் கடைசி ஷட்டர் அவர்கள் கண்முன்னாலேயே கடகடவென்று இறங்கியது. யோகன் மைக்கை அணைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் நின்றான்.

அந்தக் கூட்டத்தில் ராஜபுஷ்பம் என்று ஒரு அம்மா இருந்தாள். அறுபது தாண்டியவள். அவள் புருஷன் சுந்தரபாண்டி ஒரு காலத்தில் பஜாரையே அதட்டிய ஆள், பக்கவாதம் வந்து பல வருஷமாகக் கட்டிலோடு கிடந்தார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், வேளை தவறாமல் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும், துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். இவ்வளவையும் ராஜபுஷ்பம் ஒற்றை ஆளாகச் செய்துவந்தாள், மகன் வைத்த நர்ஸ்கள் எல்லாம் ஒரு மாதம்கூடத் தாங்கியதில்லை. இந்தத் தடவை மகன் வம்படியாக டிக்கெட் போட்டு, சம்பளத்தை ஒன்றுக்கு இரண்டாக்கி ஒரு நர்ஸைப் பிடித்து வைத்து, போய்ட்டு வாங்கம்மா என்று விமானத்தில் ஏற்றிவிட்டிருந்தான். துணைக்கு நாத்தனார் செல்வக்கனி. செல்வக்கனிக்கு அண்ணன் மேல் உயிர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நல்லா இருக்கீகளாண்ணே என்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதினி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, இருட்டுமுன்னே கிளம்பிவிடுவாள். குழாயைத் தொட்டதில்லை. அந்த ஆப்பிளைத் தின்ன அந்த மனுஷனுக்கு வழியில்லை என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

பஸ்ஸில் வந்தவர்கள் கடைத்தெருவை அடுத்த சதுக்கத்து மரங்களின் கீழ் சிமெண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரந்தானே என்று குறட்டை விட்டார்கள். ராஜபுஷ்பம் மட்டும் மற்றவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தாள், யாரோ விட்டெறிந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடி போட்டாள், பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு மணிக்கூண்டைப் பார்த்தாள். முள் ஐந்துக்குப் பக்கத்தில் வந்தது. வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் கடிகாரம் ரிப்பேர் என்றார்கள். பிறகு கைக்கடிகாரங்களையும் போன்களையும் பார்த்தார்கள், எல்லாம் அதே ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றன. வெயில் சர்ச் சுவரில் எந்த வெடிப்பில் விழுந்துகொண்டிருந்ததோ அந்த வெடிப்பிலேயே விழுந்துகொண்டிருந்தது. டிரைவர் சாவியைத் திருகினார், பஸ் ஒரு தடவை கொட்டாவி விட்டுவிட்டு அமர்ந்துகொண்டது. ராஜபுஷ்பம் மகனுக்குப் போன் போட்டு, அப்பா எப்படி இருக்காக என்று கேட்டாள். தூங்குறாங்க, இப்பத்தானே எட்டரை, ஒன்பது மணிக்குக் கஞ்சி ஊத்தணும் என்றான். மற்றவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து மறுபடி பசிக்க ஆரம்பித்த பிறகு அவள் திரும்பவும் போட்டாள். என்னம்மா, இப்பத்தானே வச்சீங்க, அதே எட்டரைதான் என்றான். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

பெனமொராக்காரர்கள் இதைக் கண்டு பதறிவிடவில்லை. மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், இன்னும் ஐந்து ஆகவில்லை என்று கண்டு திரும்பப் போய்ப் படுத்தார்கள். தூங்கித் தூங்கி முதுகு வலித்ததும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்பாவாடையும் பனியனுமாகச் சதுக்கத்துக்கு வந்துவிட்டார்கள். தாடி வளர்ந்தவர்கள் வளர்ந்த தாடியைச் சொறிந்துகொண்டார்கள். கடையைத் திறங்களேன் என்று யோகன் கெஞ்சிப் பார்த்தான். ஐந்துக்கு முன்னால் எப்படித் திறப்பது என்று அவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் அவனுக்காகப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகியும் காட்டினார், ஷட்டர் மாடு மாதிரி காலை ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்றது.

பசி மட்டும் நிற்கவில்லை. ஆகவே சாமிக்கண்ணு அடுப்பை மூட்டினார், பெனமொராப் பெண்கள் தங்கள் வீட்டு அடுப்பை மூட்டினார்கள். ரசமும் வடகமும் அந்தப் பக்கம் போயின, ஆலிவ் காயும் ஆட்டுப்பால் சீஸும் தக்காளிக் கூழும் இந்தப் பக்கம் வந்தன. தங்கள் மிளகாய்ப் பொடியைப் பெனமொராக்காரர் ஒருவர் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினார். மண்டிக்காரர்கள் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, நிறம் என்னமோ குண்டூர் வத்தலாட்டம் இருக்கு, காரத்தைத்தான் காணோம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, ரொம்ப நல்லா இருக்கு என்று சிரித்தார்கள். பதிலுக்கு இவர்கள் கொடுத்த பொடியைத் தொட்டு வைத்த மனிதர் கண்ணில் தண்ணீர் கொட்டக் கிணற்றடிக்கு ஓடினார், ஆனால் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மாவைப் பிழிந்து எண்ணெயில் போட்டுச் சீனியில் புரட்டிக் கொடுக்கிற சுரோவை ஒரு பெண் தட்டு தட்டாகச் சுட்டுக் கொண்டுவந்தாள். நம்மூர் தேன்குழலுக்குச் சீனி தூவினதுதான் என்றார் சாமிக்கண்ணு, யாரையும் லேசில் ஒப்புக்கொள்ளாத மனுஷர். ராஜபுஷ்பம் வழக்கம் போல எல்லாருக்கும் எடுத்து நீட்டப்போனாள், அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து அவள் வாயருகே ஒன்றை நீட்டினாள். சூட்டோடு கடித்தாள். ஒரு பண்டத்தைச் சூடாகவே தின்று எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் அவள் தட்டில் போட்ட சோறு ஆறிப்போன பிறகுதான் அவளுக்கு ஒழியும். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

கடைகள் திறக்காவிட்டால் என்ன, கண்ணாடி இருக்கிறதே என்று பெண்கள் எல்லாரும் கடை வாசல்களில் குடியேறிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொங்கிய புள்ளி போட்ட அடுக்குப் பாவாடைகளின் மேல் இந்தப் பக்கமிருந்து உடம்பை ஒட்டவைத்து அளவு பார்த்தார்கள். மாடி ஜன்னலில் நின்ற கடைக்காரிகளிடம் விரலைக் காட்டி விலை பேசினார்கள், அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், இவர்கள் போய்விடுவதுபோல ரெண்டு எட்டு நடந்தார்கள், அவர்கள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். இப்படியே சில தூக்கங்களுக்குள் தெருவிலுள்ள பாதிச் சரக்குக்கு ஷட்டரைத் தூக்காமலே பேரம் முடிந்துவிட்டது. செல்வக்கனி, பிலார் என்ற கடைக்காரியின் கண்ணாடியில் ஒரு செங்கல் நிறத் தோல் பையைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரே ஒரு பைதான் அந்த நிறத்தில் இருந்தது. சம்பந்தி அம்மா விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால், ஸ்பெயினுக்குப் போறீகளாமே, என்ன கொண்டாரப் போறீக என்று ஒரு மாதிரி சிரித்துக் கேட்டதிலிருந்து செல்வக்கனிக்கு அந்தப் பயணமே இப்படி ஒரு பைக்காகத்தான். கண்ணாடியில் அவள் மூக்கு பட்ட இடம் மங்கிப்போயிருந்தது.

ஆனால் எதற்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா. கடைசியில் எல்லாருக்கும் அலுத்தது. வெயிலைப் பார்த்துக் கண் எரிந்தது, ஒரே சர்ச்சைப் பார்த்து வெறுத்தது, அடுப்பில் வைக்க அரிசி குறைந்தது. பெனமொராக்காரர்களுக்கும் விருந்தாளி என்ற மரியாதை தேய்ந்து, இந்த ஜனங்கள் வந்த பிறகுதான் இப்படி என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பிலார் கீழே இறங்கி வந்து யோகனிடம் கேட்டாள், உங்கள் ஆட்களில் யாராவது இன்னும் தூங்காமல் இருக்கிறார்களா என்று.

அவள் சொன்னதை யோகன் மைக் இல்லாமலே எல்லாருக்கும் எடுத்துச் சொன்னான். இந்த ஊரில் மத்தியானம் என்பது ஊருக்குப் பொது. ஊர் எல்லைக்குள் இருக்கிற அத்தனை பேரும் கொஞ்ச நேரமாவது கண்ணயர்ந்தால்தான் அது முடியும். பிலாரின் கொள்ளுப்பாட்டன் நாளில் சாணை பிடிக்கிறவன் ஒருவன் பல்வலியோடு வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்தானாம், பல்லைப் பிடுங்கி அவனைத் தூங்கவைக்கிற வரைக்கும் மணி நகரவில்லையாம். கோடைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து தூங்குகிறவர்கள் என்பதால் வெகுகாலமாக அப்படி நடக்கவில்லை.

விருதுநகர்க்காரர்கள் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது. நான் தூங்கினேன், நீ தூங்கினாய், சாமிக்கண்ணு அண்டாவில் சாய்ந்து தூங்கினார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வந்து எல்லார் கண்ணும் ராஜபுஷ்பத்தின் மேல் நின்றன. அவள் மடியில் பிலார் கொடுத்த விசிறி இருந்தது. செல்வக்கனிதான் சொன்னாள், எங்க மதினி பகல்ல கண்ணு மூட மாட்டாக, மூதேவி வந்துருவான்னு எங்கம்மா சொல்லி வச்சது, வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து படுத்ததே இல்ல என்று. பெருமையாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

மூதேவி என்றால் யார் என்று பெனமொராக்காரர்கள் கேட்டார்கள். யோகன் விளக்கினான். அவள் எங்கள் ஊரில்தான் ரொம்பக் காலமாக இருக்கிறாள், நல்ல பெண்மணிதான் என்று ஒரு கிழவர் சொன்னதாக மொழிபெயர்த்தான். அது அவனே சேர்த்ததோ என்னவோ.

பிறகு ரெண்டு ஊரும் சேர்ந்து ராஜபுஷ்பத்தைத் தூங்கவைக்கக் கிளம்பின. ஒரு வீட்டிலிருந்து மெத்தை வைத்த சோபா வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து தலையணை. சாமிக்கண்ணு கசகசா போட்டுப் பால் காய்ச்சினார். யாரோ பாதத்தில் ஆலிவ் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள், அவள் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். அவள் காலை அதுவரை யாரும் பிடித்ததில்லை. இந்தப் பக்கம் ஆராரோ பாடினார்கள், அந்தப் பக்கம் தங்கள் தாலாட்டைப் பாடினார்கள். பாட்டில் மயங்கி ஊரே இன்னொரு முறை தூங்கி விழுந்தது, பாடியவர்களே தூங்கினார்கள், ராஜபுஷ்பம் மட்டும் சோபாவில் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு மரத்தின் இலைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

தூக்கம் வராமலில்லை. அது அவள் இமையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பெல்லாம் கெஞ்சியது. ஆனால் கண் செருகும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்பது மணி அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கஞ்சியைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, அவர் தலையை உயர்த்தி, குழாயை நீவி, ஊற்றி, வாயைத் துடைத்து, புரட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, பதினோரு மணிக்கு மறுபடி புரட்டி, ஒரு மணிக்கு மறுபடி. இந்தப் பயணம் முடிந்தால் அதெல்லாம் அவளுக்காகக் காத்திருக்கிறது. இப்போது அவர் வலியில்லாமல் தூங்குகிறார், அவருக்குப் பசியில்லை, புண் வளரவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மத்தியானம் நின்றால்தான் தனக்கு ஓய்வு என்று யாரிடம் போய்ச் சொல்வது. மற்றவர்களை இப்படி வெயிலில் வாட்டுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, விடவும் மனசில்லை.

பாட்டில் தூங்காத இன்னொரு ஆள் செல்வக்கனி. அவள் எரிச்சலோடு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் விசிறினாள். பிறகு விசிறியைக் கீழே வைத்தாள்.

"மதினி, நெசத்தச் சொல்லுங்க. மூதேவியாவது ஒண்ணாவது. நீங்க வேணும்னுதான் தூங்காம இருக்கீக."

ராஜபுஷ்பம் இலைகளையே பார்த்தாள்.

"இங்க அஞ்சு அடிச்சா, அங்க ஒன்பதும் அடிக்கும்ல, செல்வக்கனி. அடிச்சா நான் கஞ்சி ஊத்தப் போகணும்."

அங்கேதான் நர்ஸ் இருக்கிறாளே என்று செல்வக்கனி சொல்ல வந்தாள். அந்த நர்ஸும் இந்த மாதத்தோடு போய்விடுவாள் என்பது அவளுக்கும் தெரியும். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"எங்கண்ணன் உங்களுக்கு அம்புட்டுப் பாரமாவா இருக்காக?"

இப்படி ஒரு கேள்விக்கு விருதுநகரில் எந்தப் பெண்ணும் சொல்கிற பதில் ஒன்று உண்டு, ராஜபுஷ்பமும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அதெல்லாம் இல்ல, அவுகளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன் என்று. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அவ்வளவு களைத்திருந்தாள், பொய்யைத் தூக்கி வெளியே வைக்கக்கூடத் தெம்பில்லை.

"ஆமா. பாரந்தான்," என்றாள். "அவுக மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. அசதி. அம்புட்டுத்தான்."

செல்வக்கனிக்கு முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய்விடத்தான் நினைத்தாள். கூடப்பிறந்தவனைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு எவள் உட்கார்ந்திருப்பாள். ஆனால் எழுவதற்குள் ராஜபுஷ்பத்தின் தலை, பல வருஷமாகத் தலையணை தேடிய தலை, தலையணையிலிருந்து சரிந்து அவள் மடியில் விழுந்தது. சொல்லிவிட்ட அந்த ஒரு சொல்லோடு உள்ளே பிடித்திருந்த ஏதோ கழன்றுவிட்டது போலிருக்கிறது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு நீண்டு, ராஜபுஷ்பம் தூங்கிவிட்டாள்.

மணிக்கூண்டில் ஐந்து அடித்தது.

தெருவில் ஷட்டர்கள் நகர ஆரம்பித்தன. முதல் ஷட்டர் கிறீச்சிட்டதும் பிலார் ஓடிவந்து உதட்டில் விரலை வைத்தாள், மற்றவர்கள் புரிந்துகொண்டு சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து பட்டையில் விட்டு ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் தூக்கினார்கள். நம் ஜனங்கள் கடைகளுக்குள் பாய்ந்தார்கள், ஆனால் கிசுகிசுப்பாகத்தான் பாய்ந்தார்கள்; வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போடாமல் துணி எடுத்தார்கள். சால்வைகள் மடிக்கப்பட்டன, பாதாம் மிட்டாய் கட்டு கட்டாகக் கட்டப்பட்டது, பெட்டிக்கு எடை தாங்காது என்று புருஷன்மார் காதோடு சொல்ல, அதெல்லாம் தாங்கும் என்று பெண்டாட்டிமார் காதோடு சொன்னார்கள். ஊர்க் குழந்தைகள்கூடச் சதுக்கத்தைச் சுற்றிச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தன. வெயில் சர்ச் சுவரின் அந்த வெடிப்பை விட்டு மேலே ஏறியது.

பிலார் கடை வாசலில் நின்று செங்கல் நிறப் பையை உயர்த்திக் காட்டி, வேண்டாமா என்று புருவத்தால் கேட்டாள். செல்வக்கனியின் பணம் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது, அதன் மேல் மதினியின் தலை இருந்தது. குரல் கொடுத்து யாரிடமாவது கைமாற்றுக் கேட்கலாம். கேட்டால் மதினி முழித்துக்கொள்வாள். செல்வக்கனி அந்தத் தலையைக் குனிந்து பார்த்தாள். வகிடு அகலமாகி மண்டை தெரிந்தது, நெற்றியில் கடுகு தெறித்த பழைய தழும்பு ஒன்று இருந்தது, இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தும் அவள் அதைக் கண்டதில்லை. கண்ட பிறகு அவளுக்கு அழுகை வந்தது. வேண்டாம் என்று பிலாருக்குத் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மண்டிக்காரரின் மனைவி அந்தப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவள் எதிரிலேயே போனாள். செல்வக்கனி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தாள், முடியவில்லை, பார்த்தாள்.

ராஜபுஷ்பம் கண் விழித்தபோது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. தலைக்கு மேலே செல்வக்கனியின் முகம், அழுது வீங்கி, மூக்கு சிவந்து. தெருவில் ஷட்டர்கள் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாரும் பைகளோடு உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யோகன் படிக்கட்டில் நின்று கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தான். ஐந்து அடித்துவிட்டது என்று ராஜபுஷ்பத்துக்குப் புரிந்தது. ஒன்பதும் அடித்திருக்கும். விருட்டென்று எழப்போனாள், உடம்பு எழவில்லை.

"பை வாங்குனியா?"

"எங்கிட்டு வாங்க. நீங்க மடியில கிடந்தீக. காலு மரத்துப்போச்சு எனக்கு," என்றாள் செல்வக்கனி கடுகடுவென்று. "அவ கொண்டுபோயிட்டா அத."

மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம் என்று ராஜபுஷ்பம் நினைத்தாள், ஆனால் எதற்கு என்று தெளிவாக இல்லை. அப்போது செல்வக்கனி அவளைப் பார்க்காமல், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஊருக்குப் போனதும் மத்தியானம் நான் வாரேன். சாப்பாட்டுக்குப் பெறகு வந்தா விளக்கு வைக்கிற வரைக்கும் இருப்பேன். அந்தக் கொழாய எனக்குத் தெரியாது, கை நடுங்கும், நீங்கதான் சொல்லித் தரணும். நீங்க பக்கத்து ரூம்ல கதவச் சாத்திட்டுப் படுங்க."

ராஜபுஷ்பம் அதை உடனே நம்பிவிடவில்லை. வெளியூரில் மனசு இளகி ஜனங்கள் என்னென்னவோ சொல்வார்கள், விமானம் இறங்கியதும் அவரவர் வீடு, அவரவர் சோலி. அவள் நாத்தனாரின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையா?"

"தெனமும்."

"கஞ்சி ஊத்தும்போது சில நேரம் திருப்பி எடுத்துருவாக. மேலயெல்லாம் படும்."

செல்வக்கனியின் முகத்தில் அருவருப்பு வந்து போனது, அவள் அதை மறைக்கவில்லை.

"பட்டா கழுவிக்கிடுதேன்," என்றாள்.

அந்த அருவருப்பைப் பார்த்த பிறகுதான் ராஜபுஷ்பம் நம்பினாள். பஸ்ஸிலிருந்து யாரோ ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், யோகன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவள் எழுந்து உட்கார வேண்டும், சேலையைச் சரிசெய்ய வேண்டும், எல்லாரையும் காக்கவைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாகக் காலை மடக்கிக்கொண்டு, தலையை மறுபடி அதே மடியில் நன்றாகப் பதித்துக்கொண்டாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் தூங்கிக்கிடுதேன்," என்றாள்.

செல்வக்கனி டிரைவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் என்ஜினை அணைத்தார்.